நாலு முத்திரை விழுந்த கார்டு

முப்பத்தெட்டு வருஷம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் சார்ட்டிங்கிலேயே ஓடிவிட்டது. அடுத்தவர் கடிதத்தை நாங்கள் படிக்க மாட்டோம். ஆனால் முத்திரையைப் படிப்போம். எந்த ஊரில் போட்டது, எந்த ஊர் போய்ச் சேர்ந்தது, நடுவில் எத்தனை நாள் எங்கே கிடந்தது என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான கார்டுகள் கை வழியாகப் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றும் நினைவில் இல்லை. நினைவில் நிற்கிற ஒரே கார்டு நான் வேலைக்குச் சேர்வதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1933ல் போடப்பட்ட கார்டு. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் ரிஷிவந்தியத்தில் நாடக வாத்தியாராக இருந்த ஒரு பெரியவர்.

எங்களுக்கு அவர் தூரத்து உறவு. பெரியப்பா முறை. தெருவில் எல்லோருக்கும் 'வாத்தியார்', எனக்கு 'வாத்தியார் பெரியப்பா'. பங்குனி, சித்திரை வந்தால் தியாகதுருகம், மணலூர்பேட்டை, சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப் போவார்கள். ஊர் இளவட்டங்களுக்கு வள்ளி திருமணமோ பவளக்கொடியோ சொல்லிக் கொடுத்து, இரண்டு மாதம் ஒத்திகை பார்த்து, திருவிழாவில் மேடை ஏற்றிவிட்டு வருவார். கூலி பாதி பணம், பாதி கம்பும் மல்லாட்டையும். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.) அவர் மட்டும் பாட மாட்டார். ஆர்மோனியத்தில் மெட்டைக் காட்டுவார், "நீ பாடு" என்பார். பாட்டு வாத்தியார் ஏன் பாடுவதில்லை என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

காரணம் அவருடைய எட்டாவது வயதிலிருந்து தொடங்குகிறது. பிரபவ வருஷம், அதாவது 1927ல், அவருடைய தகப்பனார் அவரை ஒரு பாய்ஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

பையன்களை வைத்து நாடகம் போடும் வழக்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி, சதி சுலோசனா, லவகுசா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். பெரிய நடிகர்கள் மேடை ஏறிவிட்டால் ஆசிரியர் எழுதியது காற்றில் போய்விடும். ஒருவர் பாட, மற்றவர் போட்டிக்குப் பாட, கதை நடுத்தெருவில் நிற்கும். தான் எழுதியதை எழுதியபடி பாடவும் பேசவும் ஆள் வேண்டும் என்று சுவாமிகள் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார். 1918ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' உண்டாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். தி.க. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர்களுடைய தகப்பனாரும் ஸ்திரீபார்ட் போட்ட நடிகர். சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தம். சுவாமிகள் 1922 நவம்பர் 13ல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நம் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வாத்தியார் பெரியப்பா வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருவார். சுவாமிகளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வாய் திறந்தால் 'சுவாமிகள்' தான்.

ஒன்று வெற்றி பெற்றால் பத்து முளைக்கும் அல்லவா? மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபா, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி, 1925ல் டி.கே.எஸ். சகோதரர்களே தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்று வரிசையாக வந்தன. பெயர் நிலைக்காத சிறு கம்பெனிகளும் அந்தக் காலத்தில் நிறைய. பெரியப்பா சேர்ந்தது அப்படி ஒன்றில். கம்பெனியின் பெயரை அவர் கடைசிவரை சொன்னதில்லை. "செத்துப்போனவங்க பேரு எதுக்குடா" என்று முடித்துவிடுவார்.

இந்தக் கம்பெனிகள் ரிஷிவந்தியத்துக்கு வந்ததில்லை. வரவும் முடியாது. தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன், அந்தப்புரம் என்று மூங்கிலில் சுற்றிய படுதாக்கள், உடுப்புப் பெட்டிகள், பாத்திர பண்டம், முப்பது நாற்பது ஆள். இத்தனையும் ரயிலில்தான் நகரும். ஆகவே நாடகக் கம்பெனி போன ஊர்களின் வரைபடத்தைப் போட்டால் அது ரயில்வே வரைபடம் போலத்தான் இருக்கும். தென்னாற்காட்டில் விழுப்புரம், கடலூர், பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் தண்டவாளத்தில் இருந்தன. நமக்குக் கிட்டத்தில் இருந்தது திருக்கோவிலூர் ஸ்டேஷன். அதுவும் பெண்ணையாற்றைத் தாண்டி அரகண்டநல்லூர்ப் பக்கம். இங்கிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று மைல் மாட்டு வண்டியில் போய், ஆற்றில் தண்ணீர் இல்லாத காலமாகப் பார்த்துத் தாண்ட வேண்டும். தண்டவாளம் இல்லாத எங்கள் பக்கத்தை ஆண்டது கூத்து. கூத்துக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பெட்டி, மத்தளம், முகவீணை, இரண்டு தீப்பந்தம். நடந்தே வந்துவிடுவார்கள். விடிந்தால் அவரவர் நிலத்துக்குப் போய் ஏர் பிடிப்பார்கள். கம்பெனிக்காரனுக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு நிலமோ வீடோ கிடையாது. அடுத்த முகாம்தான் அவனுக்கு ஊர்.

பெரியப்பாவின் தகப்பனாருக்குக் கடன் இருந்தது. விழுப்புரத்தில் முகாம் போட்டிருந்த கம்பெனிக்கு நல்ல குரல் உள்ள பையன் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் கோயிலில் தேவாரம் பாடுவான். (எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) கூட்டிக்கொண்டு போனார். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். ஒரு பத்திரத்தில் கையெழுத்து. ஏழு வருஷ ஒப்பந்தம். தகப்பனார் கையில் கொஞ்சம் முன்பணம். அந்தக் காலத்தில் இப்படித்தான். பிள்ளைக்குச் சோறு, துணி, தொழில் கற்றுக்கொடுப்பது கம்பெனி பொறுப்பு. பிள்ளையின் குரல் கம்பெனிக்குச் சொந்தம்.

வறுமையால் போனவர்களே அதிகம். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் தகப்பனாரை இழந்து, கும்பகோணத்தில் தாயார் பட்ட கஷ்டத்தால் பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர்கள். ஆசையால் போனவர்களும் உண்டு. நம் விழுப்புரத்தில் 1928ல் பிறந்த சிவாஜி கணேசன் திருச்சியில் ஏழு வயதில், தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லிப் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். முதல் வேஷம் சீதை. நினைத்துப் பாருங்கள், ஏழு வயதுப் பையன் தன்னை அநாதை என்று சொல்லிக்கொள்கிறான். அவனை நம்பித் தஞ்சம் கொடுக்கிறது ஒரு கூட்டம்.

கம்பெனி வீடு என்பது முகாம் போட்ட ஊரில் வாடகைக்குப் பிடித்த பெரிய வீடு. ராத்திரி ஒன்பதரைக்கு நாடகம் தொடங்கினால் முடிய இரண்டு, மூன்று மணி ஆகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரம் கலைத்துப் படுக்கும்போது கோழி கூவும். காலை எட்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். பல் தேய்த்ததும் குரல் சாதகம். பிறகு கஞ்சி. பிறகு பாடம். ஒரு நாடகத்தில் ஒருவனுக்கு ஒரு வேஷம் என்று இல்லை. இன்றைக்கு லவன், நாளைக்குத் தோழி, மறுநாள் பிரகலாதன். எல்லோருடைய பாடமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தப்பினால் பிரம்பு. பெரியப்பாவின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும். "இது தர்பாரி கானடா" என்று காட்டிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

எழுத்துப் படித்ததும் அங்கேதான். பள்ளிக்கூடம் போகாத பையன் கையெழுத்துப் பிரதியைப் படிக்கவேண்டிப் படித்துத் தமிழில் யமகமும் சிலேடையும் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டான். அதற்கு அவர் கடைசிவரை நன்றியோடு இருந்தார். அடித்ததையும் சொல்லுவார், அதே மூச்சில் "சோறு போட்டான், தமிழ் குடுத்தான்" என்றும் சொல்லுவார். எது பெரிது என்று நான் கேட்டதில்லை.

வசூல் நன்றாக இருந்தால் ஒரே ஊரில் மூன்று நான்கு மாதம். சாயங்காலம் வண்டியில் பேண்டு வாத்தியம் முழங்க நோட்டீஸ் விநியோகம். தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட். மழை வந்துவிட்டால் தீர்ந்தது. கொட்டகை ஒழுகும், கூட்டம் வராது, மளிகைக் கடைக்காரன் வாசலில் நிற்பான். அடுத்த ஊருக்கு ரயில் சத்தம் இல்லாமல் ஒரே ஊரில் மாட்டிக்கொண்டு, சீன்களையே அடமானம் வைத்து மீட்ட கதைகள் உண்டு. அப்படி ஒரு ஐப்பசியில் மூன்று நாள் மரவள்ளிக் கிழங்கையே தின்றுகொண்டு, ராத்திரி தசரதன் சபையில் தங்கத் தாம்பாளம் ஏந்தி நின்றாராம். தாம்பாளம் காகிதக்கூழ்.

மைக் கிடையாது என்பதை இந்தத் தலைமுறைக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை சுருதியில் பாடினால்தான் கடைசித் தரை டிக்கெட்டுக்காரன் காதில் விழும். ஆண் குரல் அந்த உயரத்தில் நிற்பது அபூர்வம். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு நின்றது, அதனால்தான் அவர் கிட்டப்பா. பையன்களுக்கு அது இயற்கையாகவே வரும். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயது வரைதான். அதற்குப் பிறகு குரல் உடையும். நாடகக்காரர்கள் அதை 'மகரக்கட்டு' என்பார்கள். பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் பேய்க்குப் பயந்ததில்லை, பிரம்புக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, மகரக்கட்டுக்குத்தான் பயந்தார்கள். நேற்றுவரை 'ஒன்ஸ்மோர்' வாங்கியவன் இன்றைக்கு வாயைத் திறந்தால் தவளை கத்தும். பி.யு. சின்னப்பாவே பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்து, குரல் உடைந்ததும் புதுக்கோட்டைக்குத் திரும்பிச் சிலம்பம், குஸ்தி என்று பழகிக்கொண்டிருந்தவர். குரல் வேறு விதமாகத் திரும்பி வந்து, சினிமாவும் வந்ததால் பிழைத்தார். திரும்பி வராதவர்கள்?

இனி அந்தக் கார்டு.

ஆங்கீரச வருஷம் தை மாசம். பெரியப்பாவுக்கு அப்போது பதினாலு வயது நடக்கிறது. கம்பெனியில் அவர்தான் லவன், அவர்தான் பிரகலாதன். அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லை, உடனே பையனை அனுப்பவும் என்று ஊரிலிருந்து ஒரு கார்டு போட்டார்கள். ஈரோடு முகாம் விலாசம்தான் ஊரில் தெரியும். கார்டு ஈரோடு போவதற்குள் கம்பெனி கோயமுத்தூர் போய்விட்டது. கோயமுத்தூர் போவதற்குள் பாலக்காடு. (பாலக்காட்டில் தமிழ் நாடகத்துக்கு அவ்வளவு கிராக்கி. மலையாளிகள் மெய்மறந்து கேட்பார்கள்.) கார்டு கைக்கு வந்தது சிவராத்திரிக்கு மறுநாள். அழுதுகொண்டே ரயிலேறி, திருக்கோவிலூரில் இறங்கி, வண்டி கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறார். தாயார் தை கடைசியிலேயே இறந்துபோயிருந்தார். தகப்பனார் அவரை நாலு நாள் வைத்திருந்துவிட்டு, ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மகரக்கட்டு வந்தது. இரண்டு மாதம் பார்த்தார்கள். மிளகுக் கஷாயம், அதிமதுரம், விடியற்காலையில் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சாதகம், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வேட்டியும் ரயில் சத்தமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது விழுப்புரம் ஜங்ஷனில் கிட்டப்பா செத்துப்போன செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்களாம். கிட்டப்பா காலமானது 1933 டிசம்பர் 2. வயது இருபத்தேழு. அன்றைக்கு இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை கட்டிய கே.பி. சுந்தராம்பாள் கடைசிவரை அதை மாற்றவில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். "அவரு போயிட்டாரு, எனக்குத் தொண்டை போயிடிச்சி, ரெண்டும் ஒரே வண்டியில" என்பார் பெரியப்பா.

ஏற்கெனவே 1931ல் 'காளிதாஸ்' வந்து பேசும் படம் தொடங்கிவிட்டது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கிக் கொட்டகைகள் ஆயின. குரல் போன பையனுக்கு எந்தக் கம்பெனியிலும் இடம் இல்லை. ஆனால் தலைக்குள் பன்னிரண்டு நாடகம் முழுசாக இருந்தது. எல்லா வேஷமும், எல்லா மெட்டும். அதை வைத்துத்தான் ஐம்பது வருஷம் பிழைத்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கூத்துக்குள்ளேயே ஆர்மோனியமும் நாடக மெட்டும் புகுந்ததற்கு இவரைப் போன்று திரும்பி வந்தவர்கள் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரயில் வராத ஊருக்கு நாடகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது கம்பெனி அல்ல, கம்பெனி கழித்துவிட்ட பையன்கள்.

நான் அஞ்சல் துறையில் சேர்ந்தது 1973ல். அது தெரிந்த நாளிலிருந்து பெரியப்பா என்னை ஒரு வம்புக்கு இழுப்பார். "உங்க ஆளுங்கதாண்டா எங்கம்மா மொகத்தப் பாக்க வுடாம பண்ணவங்க. ஒரு கார்டு வர ஒரு மாசமா?" விளையாட்டாகத்தான் சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். எனக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு. 1979ல் விடுப்பில் வந்திருந்தபோது, "அந்தக் கார்டு இருக்குதா பெரியப்பா?" என்று கேட்டேன். ஆர்மோனியப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட கார்டு. மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்திருந்தது. விலாசத்தை இரண்டு தடவை அடித்து, சிவப்பு மையில் புது ஊர் எழுதியிருந்தார்கள். நாலு முத்திரை. திருக்கோவிலூர், 18 ஜனவரி. ஈரோடு, 20. கோயமுத்தூர், 23. பாலக்காடு மங்கலாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பட்டுவாடா முத்திரை, 27 ஜனவரி.

ஒன்பது நாள். மூன்று ஊர் துரத்திக்கொண்டு போய் ஒன்பதாவது நாள் கம்பெனி வாசலில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் துறையைப் பற்றி நான் அவ்வளவு பெருமைப்பட்ட நேரம் வேறு இல்லை. அடுத்த நொடியே அந்தப் பெருமை போய்விட்டது. தை மாசம் பதினாலாம் தேதிவாக்கில் வந்த கார்டை மாசியில் சிவராத்திரி முடிகிற வரைக்கும் யாரோ ஒருவர் மேஜை டிராயரில் வைத்திருந்திருக்கிறார்.

சொல்லலாமா வேண்டாமா என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வருஷம் தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர். திட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று ஒரு மனம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடா, சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். தேதியையும் காட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மங்கிய முத்திரையை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"பாலக்காட்டுல லவகுசா ஓடிக்கிட்டு இருந்திச்சி" என்றார். "சிவராத்திரி வரைக்கும் டிக்கெட்டு வித்துட்டான். லவனுக்கு வேற ஆளு இல்ல."

கார்டை வாங்கித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஆள் வந்து காத்திருந்தான், ஒத்திகைக்கு. ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு அவர் தபால்காரனைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.